கொல்லைச் செடியும் குழந்தையின் வாயும்

தமிழ்நாட்டு வீடுகளின் கொல்லையிலும் வேலியோரத்திலும் நிற்கும் நச்சுச் செடிகளுள் பல தாமாக முளைத்த களைகள் அல்ல. அம்மனுக்கு மாலை கட்ட அரளியும், பிள்ளையாருக்குச் சூட்ட எருக்கும், சிவனுக்குச் சாத்த ஊமத்தையும், ஆடுமாடு வாய்வைக்காத வேலிக்காகக் காட்டாமணக்கும், எண்ணெய்க்காக ஆமணக்கும் எனத் தக்க காரணத்தோடு பேணப்பட்டவை. இச்செடிகளோடு ஓர் அறிவும் அந்தக் கொல்லையிலேயே வளர்ந்துவந்தது. எந்தக் காயைக் குழந்தை தொடக்கூடாது, எந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும், எந்தக் கிழங்கைப் புளியிட்டு வேகவைத்தாலன்றி நாக்கு தாங்காது என்பனவற்றை வீட்டு மூத்த பெண்கள் அறிந்திருந்தனர். அவர்கள் கண் கொல்லையின்மேல் இருந்ததால் செடியும் குழந்தையும் ஒரே இடத்தில் வளர முடிந்தது. இன்று கொல்லை சுருங்கி மொட்டைமாடித் தொட்டியாகவும் பால்கனிச் சட்டியாகவும் ஆகிவிட்ட நிலையில், செடிகள் கூடவே வந்துவிட்டன. அவற்றைப் பற்றிய அறிவு வழியிலேயே நின்றுவிட்டது. சிறு குழந்தைகள் வளரும் வீட்டில் செடியின் நஞ்சைவிட, நிற்கும் செடி இன்னதென்று அறியாமல் இருப்பதே பெரிய இடர் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நஞ்சு செடியில் எங்கே இருக்கிறது

ஒரு செடியை விஷச்செடி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவதும், மற்றொன்றை நல்ல செடி என்று முழுமையாக நம்புவதும் ஆகிய இரண்டுமே போதாத அறிவாகும். ஏனெனில் நஞ்சு செடியின் உறுப்பைப் பொறுத்தும், காய் பழுத்திருக்கும் பதத்தைப் பொறுத்தும், சமைக்கும் முறையைப் பொறுத்தும் கூடிக் குறைகிறது. மணத்தக்காளிக் கீரை வாய்ப்புண்ணுக்கு உணவாகிறது, அதன் கறுத்துப் பழுத்த கனியைக் குழந்தைகள் பறித்துத் தின்கின்றனர்; ஆனால் அதே செடியின் பச்சைக் காயில் சொலனின் வகையைச் சேர்ந்த ஆல்கலாய்டுகள், அதாவது செடிகள் தம்மைக் காத்துக்கொள்ள உருவாக்கும் கசப்பான நைட்ரஜன் சேர்மங்கள், மிகுதியாக இருப்பதால் அதைப் பச்சையாகத் தின்ற குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வரலாம். மரவள்ளிக் கிழங்கு சேலம், நாமக்கல் பகுதிகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குப் பிழைப்பாகவும் உணவாகவும் இருப்பது. எனினும் அதன் இலையிலும் தோலிலும் பச்சைக் கிழங்கிலும் லினமாரின் என்னும் பொருள் உள்ளது, திசு நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு வெளிப்படுகிறது, தோலுரித்து நன்கு வேகவைத்து நீரை இறுத்த பிறகே கிழங்கு உண்ணத் தக்கதாகிறது.

அளவும் இங்கே பெரிதாகக் கணக்கில் வருகிறது. ஒன்றரை வயதுக் குழந்தையின் எடை பத்து அல்லது பதினொரு கிலோ அளவே இருக்கும். அறுபது கிலோ எடையுள்ள தாய்க்கு லேசான குமட்டலோடு நின்றுபோகும் அளவு நஞ்சு, அவளுடைய குழந்தைக்கு ஏறத்தாழ ஆறு மடங்கு கடுமையாகப் பரவுகிறது. வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் இழக்கும் நீர்கூடச் சிறிய உடலை விரைவில் சோர்வுறச் செய்துவிடும். அதே வேளையில், இலையைக் கடித்துக் கசந்து துப்பிவிடும் குழந்தைகளுள் பெரும்பாலோருக்குக் கடுந்தீங்கு எதுவும் நேர்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அச்சம் மிகுந்த வீட்டில் குழந்தை மண்ணையும் மரத்தையும் அறியாமலே வளர்ந்துவிடும், அதுவும் இழப்புதான்.

வாயால் உலகை அறியும் வயது

குழந்தைக்கு எந்த வயதில் எந்தச் செடியால் இடர் நேரும் என்பது அதன் வளர்ச்சிப் படியோடு சேர்ந்தது. ஆறாம் மாதத்தை ஒட்டிக் கைக்கு எட்டியதையெல்லாம் வாய்க்குக் கொண்டுபோகும் பழக்கம் வலுப்படுகிறது. ஒன்பது, பத்து மாதங்களில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பொறுக்கும் திறன் வருவதால், தரையில் உதிர்ந்த ஒரு சிறு விதையைக்கூடக் குழந்தை எடுத்துவிடுகிறது. இந்த வயதில் தொட்டியில் நிற்கும் செடியைவிடத் தொட்டியின் அடியில் உதிர்ந்து கிடப்பதே கவனத்துக்குரியது. நடக்கத் தொடங்கிய குழந்தை மூன்று வயதுவரை நிறத்தையும் பளபளப்பையும் நோக்கிப் போகிறது. அதற்குச் சொல்லிப் புரியவைப்பது இயலாது, ஆகவே இடத்தை மாற்றுவதொன்றே வழி.

நான்கு முதல் ஏழு வயதுவரை உள்ள குழந்தைகளின் இடர் வேறு வகையானது. அவர்கள் பசியால் அன்றிப் பாவனையால் தின்கின்றனர். கூட்டாஞ்சோறு விளையாட்டில் கொட்டாங்கச்சி பானையாகிறது, மணல் அரிசியாகிறது, ஊமத்தங்காய் கத்தரிக்காயாகிறது, கிள்ளிப்போட்ட அரளியிலை கீரையாகிறது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு இலையில் பரிமாறி, "சாப்பிடு, நல்லா இருக்கும்" என்று சொல்லும்போது, பரிமாறப்பட்ட பிள்ளை விளையாட்டின் ஒழுங்குக்கு மதிப்புக் கொடுத்து உண்மையாகவே ஒரு வாய் மென்றுவிடுகிறது. இட்லிப்பூவின் காம்பை உருவித் தேனுறிஞ்சப் பழகிய குழந்தை, குழல்போன்ற எந்தப் பூவிலும் தேன் இருக்கும் என்று முடிவு செய்து பொன்னரளிப் பூவையும் ஊமத்தம்பூவையும் உறிஞ்சிப் பார்க்கிறது. குழந்தையின் பார்வையில் இவை குறும்புகள் அல்ல, கற்றதைக் கல்லாததன்மேல் பொருத்திப் பார்க்கும் அறிவுச் செயல்களே. ஆகவே தண்டனை இங்கே பயன்படாது, சரியான பாடமே பயன்படும்.

விளையாட்டுப் பொருளாகும் விதைகள்

சிறு குழந்தையைப் பொறுத்தவரை கொல்லையில் மிகுந்த கவனத்துக்குரிய உறுப்பு விதையாகும். செடி தன் அடுத்த தலைமுறையைக் காக்க வேண்டித் தன் நஞ்சைப் பெரும்பாலும் விதையிலேயே செறித்துவைக்கிறது. குழந்தையோ உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருப்பதையே விரும்பிப் பொறுக்குகிறது.

குன்றிமணி இதற்கு முதன்மையான சான்று. வேலியில் படரும் கொடியின் காய் காய்ந்து இருபுறமும் விரிந்து சுருளும்போது, கறுப்புக் கண்ணோடு கூடிய செந்நிற விதைகள் காயோடு ஒட்டியபடியே வரிசையாகத் தெரியும். ஏறத்தாழ ஒரே எடையில் அமைவதால் இவ்விதை பொற்கொல்லர் தட்டில் நிறுவைக் கல்லாக இருந்தது. பிள்ளையார் சதுர்த்திக்கு வாங்கும் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கப்படுவதும், பல்லாங்குழி ஆடக் காயாவதும் இதுவே. இதில் உள்ள அப்ரின் என்னும் புரதம், உடலின் செல்கள் தமக்கு வேண்டிய புரதங்களை உருவாக்கும் பணியையே நிறுத்திவிடக்கூடியது. ஆயினும் விதையின் மேலோடு மிகக் கடினமானது. ஓடு உடையாமல் முழுதாக விழுங்கப்பட்ட விதை பெரும்பாலும் தீங்கு செய்யாமல் மலத்தோடு வெளியேறிவிடுகிறது. ஓடு முற்றாத இளவிதை, கடித்து நொறுக்கப்பட்ட விதை, மணியாகக் கோப்பதற்குத் துளையிடப்பட்ட விதை ஆகியவற்றில் இந்தக் காப்பு இல்லை. ஆகவே குன்றிமணி கோத்த வளையலையும் மாலையையும் கைக்குழந்தைக்கு அணிவிக்கக்கூடாது. சதுர்த்தி முடிந்து பிள்ளையாரை நீரில் கரைக்கும்வரை அந்த இரண்டு கண்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பதும் நல்லது.

ஆமணக்கு விதையில் உள்ள ரைசின், அப்ரினுக்கு உடன்பிறப்புப் போன்ற புரதம். 1888 ஆம் ஆண்டு ஸ்டில்மார்க் என்னும் ஆய்வாளர் இதைப் பிரித்தறிந்து பெயரிட்டார். பிள்ளைகளுக்கு வயிறு சுத்தமாகக் கொடுக்கப்பட்டுவந்த விளக்கெண்ணெய் இந்த விதையிலிருந்துதான் வருகிறது என்பதால், விதையும் தீங்கற்றது என்று கருதுவோர் உளர். ரைசின் எண்ணெயில் கரைவதில்லை, சூட்டில் சிதைகிறது. எனவே எண்ணெயில் அது வருவதில்லை, எஞ்சும் சக்கையில் தங்குகிறது. மாடித்தோட்டத்துக்கு உரமாக விற்கப்படும் ஆமணக்குப் புண்ணாக்கு இக்காரணத்தால் குழந்தை எட்டாத உயரத்தில், மூடியிட்ட டப்பாவில் இருக்க வேண்டிய பொருளாகும். மண்ணில் கலக்காமல் தொட்டியின் மேற்பரப்பில் தூவி விடுவதும் தவிர்க்கத்தக்கது.

காட்டாமணக்கோ ஊர்ப் பிள்ளைகளின் பழைய விளையாட்டுத் தோழன். அதன் இலைக்காம்பை முழுதும் முறியாதபடி ஒடித்து மெல்ல விரித்தால், இடையில் கசியும் நீர்த்த பால் கண்ணாடி ஏடுபோல் படரும். வாயருகே வைத்து ஊதினால் அதிலிருந்து வானவில் நிறத்தோடு குமிழிகள் பறக்கும். குமிழி விடப் பழகிய கை காய்க்கும் போகிறது. கறுத்த ஓட்டுக்குள் இருக்கும் வெள்ளைப் பருப்பு நிலக்கடலையை ஒத்த சுவையுடையது என்பதே இதன் தனிப் பெரும் இடர், ஏனெனில் கசப்பு என்னும் எச்சரிக்கை இங்கே இல்லை. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக இதைத் தின்று, வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி நாளிதழ்களில் அவ்வப்போது வருவது இதனால்தான். ஒரு பிள்ளை பகிர்ந்து கொடுக்க ஐந்தாறு பிள்ளைகள் தின்றிருப்பார்கள் என்பதால், ஒரு பிள்ளைக்கு வாந்தி கண்டவுடன் உடன் விளையாடிய அனைவரையும் விசாரிப்பது பெரியவர்களின் கடமையாகும். 2003 ஆம் ஆண்டில் இந்தியத் திட்டக்குழுவின் உயிரி எரிபொருள் குழு காட்டாமணக்கைப் பரிந்துரைத்த பின்னர், வேலியில் மட்டும் நின்ற இச்செடி தரிசு நிலங்களுக்கும் பரவியது. எண்ணெய்க் கனவு ஓய்ந்த பிறகும் செடிகள் பல இடங்களில் நிற்கின்றன.

இதயத்தைத் தொடும் அரளி

செவ்வரளி, வெள்ளரளி, பொன்னரளி ஆகிய மூன்றும் இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் என்னும் சேர்மங்களைக் கொண்டவை. சர்க்கரைக் கூறோடு இணைந்த இந்நஞ்சுகள், இதயத் தசைச் செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இடம்மாற்றும் இயக்கத்தைத் தடுத்து, துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கின்றன. வேர், பட்டை, இலை, பூ, விதை என எல்லா உறுப்பிலும் நஞ்சு உண்டு. பூச்சாடியில் அரளிக்கொத்து நின்ற நீரும் குடிக்கத் தக்கதன்று, வெட்டிய கிளையை எரிக்கும் புகையும் மூச்சுக்கு ஏற்றதன்று. பொன்னரளியின் முக்கோணக் கொட்டையில் நஞ்சு மிகச் செறிவானது. அதன் வடிவம் பிள்ளைகளைக் கவர்வதால், மரத்தடியைக் கூட்டிப் பெருக்குவது அழகுக்காக மட்டும் செய்யும் வேலையாக இருக்கக்கூடாது.

அரளி நஞ்சில் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வாந்தி எடுத்து முடித்த குழந்தை தெளிந்ததுபோல் தோன்றும். ஆனால் இதயத் துடிப்பின் கோளாறு பின்னர் வெளிப்படக்கூடும், ஆகவே மருத்துவமனையில் இதய மின்வரைவோடு கூடிய கண்காணிப்பு தேவைப்படுகிறது. இச்செடியை அலரி என்று வழங்கும் இலங்கையில், பொன்னரளி நஞ்சுக்கு எதிரான மருத்துவம் பற்றி நடந்த ஆய்வு 2000 ஆம் ஆண்டு "லான்செட்" மருத்துவ இதழில் வெளிவந்தது. டிகாக்சின் என்னும் இதய மருந்துக்கு எதிராக உருவாக்கப்பட்ட எதிர்ப்புரதக் கூறுகள் பொன்னரளியால் குலைந்த துடிப்பையும் மீட்கின்றன என்பதை அது காட்டியது. இவ்வகைக் கண்காணிப்பும் மருந்தும் வீட்டில் இயலாதவை.

சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டிப் பகுதியில் அரளிப்பூ பயிர்த்தொழிலாகவே நடக்கிறது. அரளி மாலை இல்லாத அம்மன் கோயிலை நினைத்துப் பார்ப்பதும் கடினம். ஆகவே அரளியை விலக்குவது எளிதில் கைகூடும் அறிவுரை அன்று. 2024 மே மாதத்தில் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம், நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்வதைத் தவிர்க்க முடிவு செய்தது. வீட்டுக்கும் இது பொருந்தும் நெறியாகும்: பூ சாமிக்குப் போகலாம், பிரசாதத் தட்டுக்குப் போகக்கூடாது, மாலையைக் கழற்றியவுடன் அது குழந்தை விளையாடும் தரையில் கிடக்காமல் அப்புறப்படுத்தப்பட வேண்டும்.

காய்ச்சல்போல் தோன்றும் நஞ்சும் காலந்தாழ்த்தி வரும் நஞ்சும்

ஊமத்தையின் பெயரை உன்மத்தம் என்னும் சொல்லோடு சேர்த்துப் பேசும் வழக்கமே அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறது. அதில் உள்ள அட்ரோபின், ஸ்கோபோலமின் ஆகியவை நரம்புகளின் ஒருவகைச் செய்தித் தொடர்பைத் தடுப்பதால், குழந்தைக்கு வாய் உலர்கிறது, முகம் சிவக்கிறது, வியர்வை நின்று தோல் சுடுகிறது, கண்ணின் கருமணி அகன்று விரிகிறது. பின்னர் பிதற்றலும், இல்லாத பொருளைக் காற்றில் பிடிக்கக் கைநீட்டலும் தொடங்குகின்றன. காய்ச்சல் என்று ஈரத்துணி போட்டுக் காத்திருப்பதும், காத்துக்கருப்பு அண்டியது என்று மந்திரிக்கக் கொண்டுபோவதும் இந்நிலையில் நேரத்தை இழக்கச் செய்யும். சுடும் உடலோடு உலர்ந்த தோலும் விரிந்த கருமணியும் சேர்ந்து காணப்பட்டால், குழந்தை விளையாடிய இடத்தில் முள்நிறைந்த காய் உடைந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செங்காந்தள் இதற்கு நேர்மாறாகக் காலந்தாழ்த்திப் பேசும் நஞ்சு. தமிழ்நாட்டின் மாநில மலராகிய இதனைக் கார்த்திகைப்பூ என்றும், கலப்பை வடிவில் வளைந்த கிழங்கால் கலப்பைக்கிழங்கு என்றும், உழவர் வழக்கில் கண்வலிக்கிழங்கு என்றும் சொல்வர். ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பகுதிகளில் ஏற்றுமதிக்கான விதைக்காக இது பயிரிடப்படுகிறது. கிழங்கிலும் விதையிலும் உள்ள கொல்கிசின், செல் பிரிதலையே தடுக்கும் பொருள். தின்ற பிறகு பல மணி நேரம் குழந்தை இயல்பாகவே இருக்கக்கூடும். பிறகே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கி, அடுத்த ஓரிரு நாட்களில் குருதியணுக்களும் உள்ளுறுப்புகளும் பாதிக்கப்படுகின்றன. பிழைத்தெழுந்தவருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தலைமுடி உதிர்வதும் உண்டு. இக்கிழங்கைச் சர்க்கரைவள்ளியென மயங்கிச் சமைத்த குடும்பங்களும் உண்டு என்பதால், விளையும் ஊர்களில் விதைமூட்டையும் நடவுக் கிழங்கும் அடுக்களையை ஒட்டிய அறையில் வைக்கப்படக்கூடாது. தின்றதாகத் தெரிந்தால், குழந்தை நன்றாக இருக்கிறது என்பதைக் காரணமாகக் கொண்டு காத்திருக்கவும் கூடாது.

பாலும் ஊசியும்

எருக்கு, திருகுகள்ளி, சதுரக்கள்ளி, முள்ளோடு சிவந்த பூப்பூக்கும் தொட்டிக்கள்ளி ஆகியவற்றின் பால் வயிற்றைவிடக் கண்ணுக்கே மிகுதியாகக் கேடு செய்கிறது. எருக்கம்மொட்டை நசுக்கிச் சத்தம் எழுப்பும் விளையாட்டில் கையில் ஒட்டும் பால், கண்ணைக் கசக்கும்போது கருவிழிக்குப் போய்விடுகிறது. எருக்கம்பாலால் சில வேளைகளில் வலி அதிகம் தோன்றாமலே பார்வை மங்கக்கூடும் என்பதால், அழுகை நின்றுவிட்டது என்று விட்டுவிடக்கூடாது. ஓடும் தூய நீரால் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாமல் கண்ணைக் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாய்ப்பால் பீய்ச்சுவதும் எண்ணெய் விடுவதும் கூடா. பேனுக்கென்று தலையில் பூசும் சீத்தாக்கொட்டைப் பொடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், அது நெற்றி வழியே வழிந்து கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும்.

வீட்டுக்குள் வளர்க்கப்படும் மணி பிளான்ட், வெள்ளைப் புள்ளியிட்ட அகன்ற இலையுடைய டிஃபன்பேக்கியா ஆகியவற்றின் இடரைத் தமிழ் அடுக்களை வேறு பெயரில் நெடுங்காலமாக அறியும். கருணைக்கிழங்கு காறுவதும் சேம்பு நாக்கை அரிப்பதும் எதனால் நிகழ்கின்றனவோ, அதே கால்சியம் ஆக்சலேட் படிகங்களே இவற்றிலும் உள்ளன. இலையை மென்றவுடன் கண்ணுக்குத் தெரியாத ஊசிக்கட்டுகளாக அவை நாக்கிலும் உதட்டிலும் தைத்து, எரிச்சலையும் வீக்கத்தையும் உண்டாக்குகின்றன. வாயைத் துடைத்துக் குளிர்ந்த நீரோ பாலோ கொடுத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, குரல் மாறினாலோ, மூச்சில் சத்தம் கேட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்பிக்கைக்குரிய செடி என்னும் மயக்கம்

ஆடு தின்கிறது, குருவி கொத்துகிறது, ஆகவே மனிதருக்கும் தீங்கில்லை என்பது ஊரில் நிலவும் தவறான அளவுகோல். உண்ணிச்செடியின் கனியைப் பறவைகள் தின்று பரப்புகின்றன, அதன் பச்சைக் காயோ குழந்தையின் வயிற்றுக்கு ஒவ்வாது. இயற்கையானது ஆகவே நல்லது என்னும் நம்பிக்கையும் அத்தகையதே. வேம்பைவிட நம்பிக்கைக்குரிய மரம் தமிழ் வீடுகளில் இல்லை. ஆனால் சளிக்கென்று கைக்குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டியதால் வாந்தி, மயக்கம், வலிப்பு, கல்லீரல் கேடு ஆகியவை நேர்ந்ததை மலேசிய மருத்துவர்கள் 1981 ஆம் ஆண்டிலேயே "லான்செட்" இதழில் எழுதினர். தோல்மேல் தடவத் தக்கது வாய்க்குத் தக்கதாகிவிடாது, பெரியவருக்கு மருந்தாவது பச்சிளங்குழந்தைக்கு மருந்தாகிவிடாது. சித்த மருத்துவம் நஞ்சுள்ள சரக்குகளைச் சுத்தி என்னும் முறைப்படி பதப்படுத்திய பின்னரே பயன்படுத்துவது, அச்செடிகளின் வலிமையை அறிந்ததனால் அன்றோ.

கொல்லையை ஒழுங்குசெய்தல்

முதல் வேலை பெயரறிதல். வீட்டிலும் வாசலிலும் மாடியிலும் நிற்கும் ஒவ்வொரு செடிக்கும் தமிழ்ப்பெயரும், முடியுமானால் தாவரவியல் பெயரும் ஒரு நோட்டில் எழுதப்பட்டு, அருகில் இலை, பூ, காய் ஆகியவற்றின் படம் ஒட்டப்பட வேண்டும். மருத்துவரிடம் ஓடும் நேரத்தில் இந்த நோட்டு, நினைவைவிட உறுதியாகப் பேசும். நர்சரியில் பெயர் சொல்ல முடியாத செடியைச் சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு வாங்காமல் திரும்புவதே நல்லது. பெயர் தெரியாத பழைய செடிகளைப் பற்றி ஊர்ப் பெரியவர்களிடமும் வேளாண் கல்லூரி, தாவரவியல் துறை ஆகியவற்றில் உள்ளவர்களிடமும் கேட்டறியலாம்.

அடுத்த வேலை, குழந்தையின் கண்மட்டத்தில் கொல்லையைப் பார்த்தல். ஒன்றரை வயதுக் குழந்தை ஏறத்தாழ 80 செ.மீ. உயரமே இருக்கும், பெரியவர் ஒருவர் முழந்தாளிட்டு அந்த உயரத்திலிருந்து சுற்றிப் பார்த்தால், நின்றபோது தெரியாத உதிர்ந்த கொட்டையும், வேலிக்குள் மறைந்த குன்றிமணிக் காயும், தொட்டி விளிம்பில் தொங்கும் இலையும் கண்ணில் படும். குன்றிமணி, காட்டாமணக்கு, பொன்னரளி, ஊமத்தை ஆகியவை குழந்தைக்கு ஏழெட்டு வயதாகும்வரையாவது விளையாடும் இடத்தில் இல்லாதிருப்பது நன்று. அகற்றும்போது கையுறை அணிந்து, முகத்தைக் காத்து, வேரோடு எடுத்து, எரிக்காமல் ஆழமாகப் புதைக்க வேண்டும். வழிபாட்டுக்காக வைத்திருக்கும் அரளியும் எருக்கும் குழந்தை எட்டாத பக்கத்தில், காய் பிடிக்குமுன் கிள்ளப்பட்டு நிற்கலாம். விளையாடும் இடத்தில் செம்பருத்தி, மல்லிகை, கனகாம்பரம், துளசி, கறிவேப்பிலை, முருங்கை ஆகியவை வளருமானால், குழந்தை பறித்து விளையாடவும் கொல்லையில் ஏதேனும் இருக்கும்.

மூன்றாவது வேலை கற்பித்தல். விஷம், செத்துப்போவாய் என்னும் மிரட்டல் சில குழந்தைகளை அச்சுறுத்தும், சிலரைச் சோதித்துப் பார்க்கத் தூண்டும். பெரியவர் கையால் கொடுத்ததை அன்றி வேறெந்த இலையும் காயும் வாய்க்குப் போகாது என்னும் ஒரே விதியை மூன்று வயதிலிருந்து தினமும் சொல்லிவருவதும், மணத்தக்காளிப் பழத்தைக்கூடக் காட்டிக் கேட்டபின் தின்னப் பழக்குவதும் போதுமானவை. கேட்ட குழந்தையைத் திட்டாமல் இருப்பதும் இக்கல்வியின் பகுதியே. திட்டுக்கு அஞ்சிய பிள்ளை தின்றதை மறைக்கும், மறைத்த நேரமெல்லாம் நஞ்சுக்குக் கிடைத்த நேரமாகும்.

தின்றுவிட்டால்

வாயில் எஞ்சியதை விரலால் வழித்து எடுத்து, வாயைக் கொப்பளிக்கச் செய்து, கையையும் முகத்தையும் கழுவிவிட வேண்டும். உப்புநீர், சோப்புநீர், புளிக்கரைசல் ஆகியவற்றைப் புகட்டி வாந்தி எடுக்க வைப்பது பழைய வழக்கம். அது குழந்தையின் குருதியில் உப்பைக் கூட்டியும், வாந்தி நுரையீரலுக்குள் போகச் செய்தும், செடி செய்யாத கேட்டையும் செய்துவிடக்கூடும். வாந்தி வரவழைக்கும் இப்பிகாக் மருந்தைக்கூட வீட்டில் வைத்திருக்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2003 ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. அடுப்புக்கரியைக் கரைத்துக் கொடுப்பதும் கூடாது. மருத்துவமனையில் கொடுக்கப்படும் பதப்படுத்திய கரி வேறு பொருள், அதைக் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

எப்போது தின்றது, எந்த உறுப்பைத் தின்றது, மென்றதா விழுங்கியதா, எத்தனை இருக்கும் என்னும் நான்கு செய்திகளும், செடியின் ஒரு கிளையோ எஞ்சிய காயோ இட்ட ஒரு பையும் மருத்துவமனைக்கு உடன்செல்ல வேண்டும். வாந்தியில் விதைத்துண்டு இருந்தால் அதுவும் சான்றே. குழந்தை மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சுத் திணறினாலோ 108 ஆம்புலன்சை அழைப்பதில் ஒரு நொடியும் தாமதம் கூடாது. புதுதில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் இயங்கும் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. அதையும் அந்தச் செடி நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கலாம்.

நித்தியகல்யாணியைச் சுடுகாட்டுப்பூ என்று ஒதுக்கும் ஊர்கள் உண்டு, அதன் இலை வாய்க்கு ஆகாத நஞ்சு என்பதும் உண்மை. அந்த இலையிலிருந்து பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1960களில் மருந்தாகி, குருதிப் புற்றுநோய் கண்ட எண்ணற்ற குழந்தைகளைப் பிழைக்கவைத்தது என்பதும் உண்மை. அந்த இலை நஞ்சாகவும் மருந்தாகவும் இருப்பது அதைக் கையாள்வோர் அறிவைப் பொறுத்தது. அவ்வறிவு முன்னொரு காலத்தில் கொல்லைப்படியில் அமர்ந்திருந்த பாட்டியிடம் இருந்தது, இனி அது வீட்டு நோட்டில் எழுதப்பட்டு, தந்தைக்கும் தாய்க்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் தெரிந்ததாக இருக்க வேண்டும். அந்த நோட்டின் முதல் வரியை, வாசலில் நிற்கும் முதல் செடியின் பெயரோடு இன்றே எழுதத் தொடங்கலாம்.